ஆயுத பூஜைக்குப் பிறகு மெதுவான கம்ப்யூட்டர்

ஹார்டுவேர் வகுப்பு நடத்தும் நண்பர் ஒருவர், "உங்க அனுபவத்துல நாலு நல்ல விஷயம் எழுதிக் குடுங்க, புதுசா வர்ற பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று கேட்டார். மைசூரில் முப்பது வருடம் கம்ப்யூட்டர் பழுது பார்த்து ஓய்வு பெற்றவனிடம் நாலு நல்ல விஷயமாவது இருக்கும் என்று நினைத்திருக்கிறார். பாவம். என்னிடம் சொல்வதற்கு இருப்பது ஒன்றுதான். அதுவும் நல்லதல்ல. அவரிடம் அதைச் சொன்னேன். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள் என்றார்.

ராம் எப்படி மாட்டுவது, ஃபேன் எப்படித் துடைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் போனைத் தட்டினால் வீடியோ வந்து கொட்டும். நான் எழுதப்போவது, ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் கேம் திடீரென்று மெதுவாகிப் போன கதை. ஐந்து நிமிடத்தில் சரிசெய்திருக்க வேண்டிய பழுது. அந்தப் பழுதில் எங்கள் கடையில் வேலை பார்த்த மாதேஷ் என்பவனுடைய பெயர் கெட்டது. கெடுத்தவன் நான்.

மாதேஷுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. மாதேஸ்வரன் மலைப் பக்கம் மார்டள்ளிக்காரன். கல்யாணம் ஆகி, ஒரு பெண் குழந்தை. மனைவி கார்மென்ட்ஸ் ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் கடையில் ஒன்பது வருடமாக இருந்தான். கஸ்டமர் மறந்து விட்டுப் போன பென்டிரைவைக்கூடக் கவரில் போட்டு, மேலே பெயர் எழுதி, மேஜை டிராயரில் வைப்பான். செய்த வேலையை ஒன்று விடாமல் ஜாப் ஷீட்டில் எழுதுவான். "இவன் என்னடா, பரீட்சை எழுதற மாதிரி எழுதறான்" என்று நாங்கள் கேலி செய்வோம். அவன் சிரித்துக்கொண்டே எழுதுவான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைசி இரண்டு மூன்று வருடமாகக் கடைக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மாதேஷ் இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். சீனியர் நான் கல்லு மாதிரி எதிரே உட்கார்ந்திருப்பேன். எனக்கு எரியும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

தசரா வந்தால் மைசூரில் எங்கள் தொழிலுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஊரே ஆயுத பூஜைக்கு வண்டி கழுவும். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் அதையும் சுத்தம் செய்யத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பூஜை சர்வீஸ் என்று எங்களுக்குள் அதற்குப் பெயர். அந்த வருடமும் கடை வாசல் வரை சிபியூக்கள் அடுக்கிக் கிடந்தன. அதில் ஒன்று, எங்கள் கடைக்குப் பெரிய பெரிய ஆபீஸ் ஆர்டர்களை வாங்கிக் கொடுக்கும் ஒரு எலக்ட்ரிகல் கான்ட்ராக்டருடைய மகன் பரத்தினுடையது. கேம் விளையாடவென்றே கட்டிய மிஷின். கேம் படத்தை வேகமாக ஓட்டுவதற்கென்றே விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு. மாதேஷ்தான் அதைப் பிரித்தான். கார்டைக் கழற்றி, உள்ளே காய்ந்துபோயிருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றி, மாட்டி, ஓட்டிப் பார்த்து, ஷீட்டில் எழுதி, பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் பரத் கையில் கொடுத்தான்.

பூஜை முடிந்து, விஜயதசமியும் முடிந்து, அதற்கு மறுநாள் காலை கடை திறந்தவுடன் போன் வந்தது. கேம் ஓடவில்லை, ஊர்ந்து போகிறது, உங்கள் கடைக்கு வந்து போனதிலிருந்துதான் இப்படி என்று கான்ட்ராக்டர் கத்துகிறார். முதலாளி என்னைப் பார்த்தார். அவர் எனக்குப் பத்து வயது சின்னவர். "அண்ணா, நீங்களே போய்ட்டு வாங்க. மாதேஷ அனுப்பினா சரியாகாது, அவன் மேலதான் கம்ப்ளைன்ட்" என்றார். அந்த வார்த்தை எனக்கு இனித்தது.

ஊருக்கு வெளியே புது லேஅவுட்டில் வீடு. பரத்தின் அம்மா கதவைத் திறந்ததும் கையில் ஒரு கிண்ணம் பொரிகடலை வைத்தார். பரத்தின் அறையில் மேஜைக்கு அடியில், சுவரோடு ஒட்டிய பொந்து மாதிரி இடத்தில் சிபியூ இருந்தது. மேலே வாடின செவ்வந்திச் சரம். முன்பக்கம் சந்தனம், குங்குமம். கீபோர்டிலும் ஒரு பொட்டு.

"பூஜைக்கு எல்லா வயரையும் நானே கழட்டி, பெட்டி, வயர் எல்லாம் ஈரத்துணி, காஞ்ச துணின்னு ரெண்டு தடவை தொடச்சேன் சார். ஒரு பொட்டுத் தூசி இருக்காது பாருங்க" என்றார் அந்த அம்மா, பெருமையாக.

"நல்லதும்மா" என்றேன். என் கண் திரையில் இருந்தது. இந்த இடத்தை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே கொட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. பழுது என்ன என்று அந்த அம்மா வாயாலேயே சொல்லிவிட்டார். நான் காதில் வாங்கவில்லை. பூஜை, புனஸ்காரம் பற்றிப் பேசுகிற ஒரு வீட்டம்மா கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு என்ன சொல்லிவிடப் போகிறார் என்ற கொழுப்பு.

பரத் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். தமிழ் வீட்டுப் பையன்தான், ஆனால் வாயைத் திறந்தால் பாதி கன்னடம். "சார், நோடி, பாருங்க. முன்னாடி செகண்டுக்கு நூத்தி நாப்பது ஃப்ரேம் வரும். இப்ப இருபத்தஞ்சு. நாளைக்கு சாயங்காலம் செலக்ஷன் மேட்ச் இதெ. இப்படி இருந்தா என்னை டீம்லருந்து தூக்கிடுவாங்க."

உட்கார்ந்து பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. திரையில் ஆள் ஓடினால் விட்டு விட்டு ஓடுகிறான். துப்பாக்கியைத் திருப்பினால் அது யோசித்துவிட்டுத் திரும்புகிறது. வழக்கமாகச் செய்கிறவற்றை எல்லாம் செய்தேன். அரை மணி நேரம் போயிற்று. ஒரு முன்னேற்றமும் இல்லை. கான்ட்ராக்டர் என் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. முப்பது வருட அனுபவசாலி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், அரை மணி நேரமாக முழிக்கிறேன்.

சரி, பிரித்துப் பார்ப்போம் என்று மேஜைக்கு அடியில் குனிந்தேன். என் முழங்கால் அப்போதே பழுது. குனிந்து, தலையை உள்ளே விட்டு, பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்க்கச் சோம்பல். கையை மட்டும் பின்னால் விட்டு, தடவித் தடவி, பவர் வயர், மானிட்டர் வயர், மவுஸ் எல்லாவற்றையும் பிடுங்கினேன். எந்த வயர் எதில் இருந்தது என்று பார்க்கவில்லை. பிடுங்கி, பெட்டியை இழுத்துத் தரையில் வைத்தேன். முப்பது வருடமாக அப்படித்தான் செய்துவந்தேன். நீங்களும் செய்வீர்கள். செய்யாதீர்கள்.

பக்கத்து மூடியைத் திறந்து கார்டை வெளியே எடுத்தேன். கையில் சில்லென்று இருந்தது. அரை மணி நேரம் கேம் ஓடிய கார்டு, வேலை செய்திருந்தால் தோசைக்கல் மாதிரி இருந்திருக்க வேண்டும். நான் அதைக் கவனித்தேன், அதுதான் கொடுமை. கவனித்துவிட்டு, கார்டு செத்துப்போய்விட்டது, சத்தில்லாத கார்டு என்று எனக்கு நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். ஏன் வேலையே செய்யவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அதே கார்டை அங்கேயே திரும்ப மாட்டி இன்னொரு தடவை ஓட்டியிருக்கலாம். ஓட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அதற்குள் கான்ட்ராக்டர் குனிந்து கார்டைப் பார்த்தார். "இது என்ன, சீல் கிழிஞ்சிருக்கு?"

கார்டின் ஸ்குரூ மேல் கம்பெனி ஒட்டும் சின்ன சீல் அது. பேஸ்ட் மாற்ற வேண்டுமென்றால் அதைக் கிழித்துத்தான் ஆகவேண்டும். எனக்கு அது தெரியும். "பேஸ்ட் மாத்தறதுக்கு எடுத்திருப்பான்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. "கடைல கேக்கணும்" என்றேன்.

"இதுல கேக்க என்ன இருக்கு? நல்ல கார்ட எடுத்துட்டு, அதே மாதிரி பழசு ஒண்ண சொருகி அனுப்பிட்டான் உங்க ஆளு. ஊர்ல நடக்காததா?"

கார்டில் நம்பர் இருக்கும், அட்டைப்பெட்டியிலும் அதே நம்பர் இருக்கும், ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். அட்டைப்பெட்டி எங்கே என்று கேட்டார். "பண்டிகைக்கு வீடு ஒழிச்சப்ப பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டேன்" என்றார் அந்த அம்மா. கார்டு வாங்கிய பில்லும் அதற்குள்தான் இருந்ததாம்.

கான்ட்ராக்டர் எங்கள் முதலாளிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என் முகத்துக்கு நேரே நீட்டினார். சுற்றிலும் மூன்று பேர். முதலாளி கேட்டார்: "அண்ணா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. கார்டா ப்ராப்ளம்?"

"கார்டுதான் சார்."

"மாத்தியிருக்கா?"

தெரியவில்லை சார், கடைக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் தெரியவில்லை என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. அந்த அறையில், அந்த மூன்று பேர் முன்னால், மாதேஷ் கை வைத்த மிஷினைப் பற்றி எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல மனசு ஒப்பவில்லை.

"இருக்கலாம் சார்" என்றேன்.

பிறகு முதலாளி, "சரி, புதுசு ஒண்ணு எடுத்துட்டுப் போய் மாட்டிக் குடுத்துடுங்க. கடை பேர் கெடக்கூடாது" என்றார். கடையின் பெயரைப் பற்றி எல்லோருக்கும் கவலை இருந்தது.

மத்தியானமே புதுக் கார்டோடு திரும்பப் போனேன். தரையில் வைத்தே மாட்டினேன், மானிட்டர் வயரைப் புதுக் கார்டில் சொருகினேன், ஓட்டினேன். நூற்று ஐம்பது. பரத் குதித்தான். கான்ட்ராக்டர் என் தோளைத் தட்டி, "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்றார். நானும் சிரித்தேன். கார்டை மாற்றியதும் சரியாகிவிட்டது, அப்படியானால் கார்டுதான் கோளாறு. இதைவிடப் பெரிய நிரூபணம் என்ன வேண்டும்? உங்களுக்கும் இப்படித்தான் தோன்றும். ஒன்றைச் சரிசெய்யப் போய், கூடவே இன்னொன்றையும் தெரியாமல் சரிசெய்திருப்பீர்கள். எதனால் சரியாயிற்று என்று தெரியாதவரை நீங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

சாயங்காலம் கடையில் முதலாளி மாதேஷைக் கூப்பிட்டார். மற்ற டெக்னீஷியன்கள் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"பரத் கார்ட என்ன பண்ணின?"

"பேஸ்ட் மாத்தினனுங்க சார். சீல எடுத்தது நானேதானுங்க. ஷீட்டுலயே எழுதியிருக்கறனுங்க, பாருங்க."

ஷீட்டுகள் கட்டிய ஃபைல் முதலாளிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. "புதுக் கார்டு போட்டதும் ஓடுது. அப்ப நீ குடுத்தனுப்பின கார்டு எது?" என்றார்.

"அவங்க கார்டுதானுங்க. நான் ஓட்டிப் பாத்துத்தானுங்க குடுத்தேன்." தன் பையை எடுத்து மேஜை மேல் கவிழ்த்தான். டிபன் பாக்ஸ், ஒரு குடை, மகளுக்கு வாங்கி வைத்திருந்த கலர் பென்சில் டப்பா, அவனுடைய சொந்த ஸ்குரூடிரைவர் செட். "ஊட்டுக்கும் வந்து பாருங்க சார். என்னைய ஒருவாட்டி அந்த ஊட்டுக்கு அனுப்புங்க, என்னன்னு நான் பாத்துச் சொல்றேன்." அப்புறம் அவன் என் பக்கம் திரும்பினான். "அண்ணா, நீங்க சொல்லுங்ணா. ஒம்போது வருசமா என்னைப் பாக்கறீங்களே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மிஷின் சொன்னதத்தான் நான் சொன்னேன்பா" என்றேன். மிஷின் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது நான்.

பண்டிகை நேரம், போலீஸ் எல்லாம் வேண்டாம், நாளையிலிருந்து வராதே என்று முடித்தார்கள். பெருந்தன்மையாம். மாதேஷ் கவிழ்த்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்துவைத்தான். பென்சில் டப்பா கை நழுவிக் கீழே விழுந்து பென்சில்கள் உருண்டன. அவனே குனிந்து பொறுக்கிக்கொண்டான். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, கழற்றிக் கொண்டுவந்த அந்தக் கார்டு எந்த நிலையில் இருக்கிறது பாருங்கள், ஏதாவது பழைய மிஷினுக்காவது ஆகுமா என்று முதலாளி கேட்டார். என் மேஜையில் ஒரு மிஷினில் மாட்டி, அதே கேமைப் போட்டு ஓட்டினேன். நூற்று நாற்பத்திரண்டு. ஏதோ தப்பாகப் பார்க்கிறேன் என்று அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். நூற்று நாற்பது. கார்டைத் தொட்டேன். சுட்டது.

அங்கே சில்லென்று இருந்த கார்டு இங்கே சுடுகிறது என்றால், அங்கே அது வேலையே செய்யவில்லை. ஏன்? அப்போதுதான் ஈரத்துணி, காய்ந்த துணி என்று அந்த அம்மா சொன்னது காதில் விழுந்தது. கடைக்கு வெளியே வந்து அவருக்குப் போன் செய்தேன். "அம்மா, பூஜைக்குத் தொடச்சுட்டு வயரெல்லாம் திரும்ப மாட்டினது யாரு? பரத்தா?"

"நான்தான் சார். பரத் தூங்கிட்டிருந்தான். மானிட்டர் வயருக்கு மேல ஒரு ஓட்டை, கீழ ஒரு ஓட்டை, ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு. மேல இருந்ததுல சொருகினேன். படம் வந்துச்சு, விட்டுட்டேன். ஏன் சார், தப்பா?"

"இல்லம்மா. சும்மா கேட்டேன்."

தொழிலுக்குப் புதியவர்களுக்காக ஒரு வரி: மேலே இருந்தது மதர்போர்டின் ஓட்டை, கீழே இருந்தது கார்டினுடையது. அந்த மதர்போர்டில் மேலே சொருகினாலும் படம் வரும். ஆனால் அவ்வளவு பெரிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, மதர்போர்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன சிப் மட்டும் தனியாகக் கேமை இழுக்கும். வருடத்துக்கு ஒரு நாள் சிபியூவைச் சாமி மாதிரி குளிப்பாட்டிப் பொட்டு வைக்கும் ஊரில், பூஜைக்கு மறுநாள் வரும் பழுதுக்கு முதலில் வயரைப் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியாததா? எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு, அந்த வயரை நானே இருட்டில் பிடுங்கிப்போட்டேன்.

இதுவரை நான் செய்தது தப்பு. தப்பு எல்லோரும் செய்வார்கள். இதற்கு மேல் செய்ததுதான் அயோக்கியத்தனம். கடைக்குள் போனேன். முதலாளி, "கார்டு எப்படிண்ணா?" என்று கேட்டார். "சுமாரா ஓடுது சார்" என்றேன். அதை வேறு ஒரு மிஷினில் போட்டு யாருக்கோ விற்றார்கள். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை? எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. வயரைக்கூடப் பார்க்கத் தெரியாத கிழவன் என்ற பெயரோடு போக வேண்டுமே என்று பயம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்குச் சொன்னால், ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதற்கு மறுநாள் இன்னும் கஷ்டம். அதற்கு மேல், என் மனசின் ஒரு மூலையில், இனிமேல் யாரும் உள்ளே எட்டிப் பார்த்து "மாதேஷ் இல்லையா?" என்று கேட்கமாட்டார்கள் என்ற நிம்மதியும் இருந்தது. அதை நினைத்தால் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

எங்கள் தொழில் சின்ன உலகம். ஒரே தெருவில் பத்துப் பன்னிரண்டு கடைகள், டெக்னீஷியன்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப். கார்டு மாத்தின மாதேஷ் என்று ஒரே வாரத்தில் பட்டப்பெயரே வந்துவிட்டது. கார்டைக் காபித்தூள் மாதிரி பொட்டலம் கட்டி வெளியே கொண்டுபோனான் என்றுகூட ஒருவன் கதை கட்டினான். மாதேஷ் வேலை கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினான். எதிர்வரிசைக் கடைக்காரர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். "அண்ணா, உங்க மாதேஷ் வேலை கேட்டு வந்து உக்காந்திருக்கான். எனக்கும் ஆள் வேணும். எடுக்கலாமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அந்தப் போன் வந்தபோது எனக்கு உண்மை தெரிந்து நாலு நாள் ஆகியிருந்தது. தயவுசெய்து இதைக் கவனியுங்கள். ஒரு வார்த்தை போதும் என்றார் அவர். ஸ்பீக்கர் இல்லை, சுற்றி ஆள் இல்லை, அவசரம் இல்லை. "உங்க இஷ்டம்" என்றேன். அவர் புரிந்துகொண்டார். அடுத்த மாதம் மாதேஷ் வீட்டைக் காலி செய்துகொண்டு குடும்பத்தோடு ஊர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

எட்டு மாதம் கழித்து எனக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. சால்வை, மாலை, மைசூர்பாகு. முதலாளி மைக்கைப் பிடித்து, "அண்ணா கை வெச்சா பொய்யாப் போகாது" என்றார். கைதட்டினார்கள். கான்ட்ராக்டரும் வந்திருந்தார், என்னைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். பரத்துக்கு டீமில் இடம் கிடைத்துவிட்டதாம். வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து வைத்தேன். சாப்பாடு இறங்கவில்லை. "என்னாச்சு உங்களுக்கு?" என்று என் மனைவி கேட்டாள். அவளிடம்தான் முதன்முதலாக முழுசாகச் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, "அந்தப் பொண்ணு கார்மென்ட்ஸ் வேலையையும் விட்டுட்டுத்தானே போயிருப்பா?" என்றாள்.

மறுவாரம் அவன் ஊர்ப் பக்கத்துக் கொள்ளேகாலுக்குப் பஸ் ஏறினேன். அவன் மாதேஸ்வரன் மலைக் கோயில் பக்கம் ஒரு கடையில் இருக்கிறான் என்று அங்கே விசாரித்துத் தெரிந்துகொண்டு, இன்னொரு பஸ் பிடித்து மலை ஏறினேன். தேங்காய், கற்பூரம், பூஜைத் தட்டு விற்கிற கடை. கூட்டத்தில் தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிக் கூவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டான். "வாங்கண்ணா. சாமி கும்பிட வந்தீங்களா?"

"உன்னைப் பாக்க வந்தேன்" என்றேன். கூட்டம் குறைகிற வரை உட்கார்ந்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். கையைத் தேங்காய் மேல் வைத்தபடி கேட்டான். முதலில் அவன் கேட்டது என்ன தெரியுமா?

"வயரு போர்டுலயா இருந்துச்சு?"

"ஆமா."

"அட!" என்றான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பழுது கிடைத்துவிட்டால் நமக்கெல்லாம் வருமே, அந்த வெளிச்சம். "அதானுங்ணா! நான் எத்தன நாளு யோசிச்சேன் தெரியுங்களா? ஓட்டிப் பாத்துக் குடுத்தது எப்படிச் சாகும்னு தூக்கமே வராதுங்க. பேஸ்ட்டத் தப்பா வெச்சுட்டனோ, நம்மளே ஏதோ கெடுத்துட்டமோன்னு." சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. "இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்ணா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கணக்கில் அது ஒன்றுதான் நல்லது. "ரெண்டே நாள்ல" என்றேன்.

அவன் தேங்காயைக் கீழே வைத்தான். "அப்ப நான் மைசூர்லதானுங்க இருந்தேன்" என்றான். ஒரு குடும்பம் வந்து கற்பூரம் கேட்டது, எடுத்துக் கொடுத்தான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "மொதலாளிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டான்.

"இல்லப்பா. மொதல்ல உங்கிட்ட சொல்லணும்னு..."

"எங்கிட்ட எதுக்குங்க?" என்றான். குரலை உயர்த்தவில்லை. "நான் எடுக்கலைன்னு எனக்குத்தான் மொதல்லயிருந்தே தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்ணா."

பஸ் வரைக்கும் அவன் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மைசூர் வந்ததும் நேராகக் கடைக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். ஷீட் ஃபைலைத் திறந்து காட்டினேன். சீல் எடுத்தது, பேஸ்ட் மாற்றியது, கார்டின் நம்பர்கூட எழுதியிருந்தான். அந்த நம்பரும் நான் கழற்றிக் கொண்டுவந்த கார்டின் நம்பரும் ஒன்றுதானா என்று அன்றைக்கே பார்த்திருக்கலாம். அவர் படித்துவிட்டு ஃபைலை மூடினார். "ஆயித்து, முடிஞ்சு போச்சு, விடுங்கண்ணா. கான்ட்ராக்டர் ஹேப்பியா இருக்காரு. இப்பப் போய்க் கிளறினா கடைக்குத்தான் கெட்ட பேரு" என்றார். குரூப்பிலும் எழுதினேன், என் பெயரோடு, நடந்தது எல்லாவற்றையும். ஒருவர் கட்டைவிரல் போட்டார். அடுத்த நிமிடம் யாரோ பழைய மதர்போர்டு விற்பனைக்கு என்று படம் அனுப்பினார்கள். என் வார்த்தை மேலே போய் மறைந்தது.

உங்களில் பாதிப் பேர் அந்தத் தெருவில்தான் வேலைக்குச் சேரப் போகிறீர்கள். என்றைக்காவது டீக்கடையில் யாராவது கார்டு மாத்தின மாதேஷ் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அப்போது டீயை வைத்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள்: அவன் எதையும் எடுக்கவில்லை. வயர் மேல் ஓட்டையில் இருந்தது. அது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த ஆளை எனக்குத் தெரியும், அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று.